ஆற்று இருவாச்சியும் மலை இருவாச்சியும்

நெடுங்கானல் நாட்டைக் கோளரி என்றொரு ராசா ஆண்டுவந்த காலம் அது. நினைத்தது நினைத்த நாழிகையில் முடியவேண்டும் அவனுக்கு. ஒரு மாசி மாதம், ஆற்றங்கரைக் காட்டை வெட்டி அங்கே வசந்த மண்டபம் கட்டச் சொல்லிவிட்டான்.

காடுகாவல் பார்த்த வெள்ளச்சி சேதி கேட்டு அரண்மனைக்கு ஓடிவந்தாள். அந்த மரப்பொந்துகளில் பெட்டை இருவாச்சிப் பறவைகள் வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு அடைகாத்தன. சிறு இடுக்கு வழியாகச் சேவல் ஊட்டும் அத்திப்பழம்தான் அவற்றுக்கு உயிர். மரம் சாய்ந்தால் தாயும் குஞ்சும் உள்ளேயே சாகும்.

"மகாராசா, ஆற்று இருவாச்சி இந்த ஒரு காட்டில்தான் மிச்சம். இதுவும் போனால் பூண்டோடு போச்சு."

ராசா யோசித்தான். அவள் பேச்சுக்கு அவன் காது கொடுப்பதே சபைப் பண்டிதர் வரகுணருக்குப் பொறுக்காது.

"மலையில் இருப்பதும் இருவாச்சிதானே பிரபு? அதே வளைந்த அலகு, அதன்மேல் அதே கொம்பு. இரண்டும் ஒன்றுதான். இங்கே மரம் போனால் மலைக்குப் பறந்துவிடும்" என்றார்.

"மலையில் இருப்பது பெரிது, கழுத்து மஞ்சள். இது சிறிசு, கழுத்து கறுப்பு. அந்த மலைக் குளிரும் இரையும் இதற்குச் சரிப்படாது. மலைப்பறவையே வருசா வருசம் குறைந்துதான் வருது, மகாராசா."

"இரண்டும் வேறு என்று பொழுது சாய்வதற்குள் பண்டிதர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வை. இல்லையென்றால் நாளை கோடாலி இறங்கும்" என்றான் ராசா.

பறவையைச் சபைக்கா இழுத்துவர முடியும்? வெள்ளச்சி பண்டிதரையே பார்த்தாள். அவர் பக்கத்தில் மலைக்கோட்டையிலிருந்து வந்திருந்த தம்பி பரகுணர் நின்றார். அச்சில் வார்த்ததுபோல அதே மூக்கு, அதே மீசை.

"மகாராசா, இவர்கள் இரண்டு பேரும் ஒன்றுதானே? ஒருவருக்கு எதற்கு இரண்டு வீடு? பண்டிதர் வீட்டை இடித்து அங்கே மண்டபம் கட்டுங்கள். அவர் மலைக்கோட்டைக்குப் போய்க்கொள்ளட்டும்."

"நல்ல இடம்! கூப்பிடுங்கள் கொத்தனாரை!" என்றான் ராசா.

பண்டிதர் பதறிப்போனார். "ஐயோ பிரபு! ஒரு வயிற்றில் பிறந்தால் ஒரே ஆளா? அவன் வேறு, நான் வேறு! அந்தக் குளிரில் எனக்கு மூச்சு முட்டும், அந்தச் சாப்பாடு செரிக்காது. என் மனைவி வேறு நிறைமாதமாக வீட்டுக்குள் இருக்கிறாள்!"

வெள்ளச்சி சிரிக்கவில்லை.

"பறவைக்குச் சொல்லத் தெரியாததைப் பண்டிதரே சொல்லிவிட்டார், மகாராசா."

ராசா விழுந்து விழுந்து சிரித்தான். அன்று மாலையே அவளோடு ஆற்றங்கரைக்குப் போனான். ஒரு பொந்தின் இடுக்கிலிருந்து அலகு நுனி நீண்டு பழத்தை வாங்கியதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. ஆற்றங்காட்டிலும் மலைக்காட்டிலும் இனி எவரும் மரம் வெட்டக் கூடாதென்று ஆணையிட்டான். இரண்டு காட்டுக்கும் வெள்ளச்சியே தலைமைக் காவல்.

பண்டிதர் வீடு தப்பியது. ஆனால் குஞ்சுகள் வெளியே வரும்வரை அவர் தினமும் மரத்தடியில் நின்று, பார்த்ததைச் சபையில் சொல்லவேண்டும் என்றான் ராசா. முதல் வாரம் முணுமுணுத்தார். சித்திரையில் வேடிக்கை பார்க்கப் போன சபையோரிடம் வாயில் விரல் வைத்துச் சீறினார்:

"சத்தம் போடாதீர் ஐயா! சேவல் பழத்தோடு வருகிற நேரம்."