விலக்குக் கடிதம்

பொங்கியண்ணன் துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ளப் போனபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. கற்றுக்கொடுத்த ஜெபசீலிக்கு முப்பத்தைந்து.

அவர் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர். மூன்று கொட்டகை, நாலு நாய், நடுவில் வீடு. அவள் தெற்கத்திக்காரி. துணை ராணுவத்தில் பதினோரு வருஷம் இருந்தவள். முழங்கால் வலியால் விலகி வந்து, மலையடிவாரத்து ரைபிள் கிளப் ஒன்றில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொங்கியண்ணனும் மனைவி பூவாத்தாளும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அன்றைக்குப் பட்டப்பகலில் யாரோ வீட்டுப் பூட்டை உடைத்து, டிவியையும் இரண்டு பித்தளை அண்டாவையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. உரிமம் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு ரிவால்வர் வாங்கினார். அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போனார்.

"நீங்க அதையும் எடுத்துட்டுப் போயிட்டா வீட்டுல என்ன இருக்கும்?" என்று ஜெபசீலி ஒருமுறை கேட்டாள்.

"பூட்டு இருக்குங்க."



அவருடைய வாட்ஸப் படத்தில் அவரும் ரிவால்வரும் இருந்தார்கள். பந்தியில் உட்காரும்போது சட்டை கொஞ்சம் மேலே ஏறும். ஏறாவிட்டால் அவரே ஏற்றிவிடுவார். பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பனோடு வாய்க்கால் தகராறு வந்தபோது நடந்ததை அவர் கிளப்பில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

"நான் ஒரு வார்த்தை பேசலைங்க மேடம். எடுத்து மேசை மேல வச்சேன், அவ்வளவுதான். எந்திரிச்சு நின்னுட்டான். 'நீங்க சொல்றபடியே ஆகட்டுங்ணா'ங்கிறான்."

"அப்புறம் வீட்டுக்கு வந்தாரா?"

"யாருங்க?"

"சென்னியப்பன்."

"முன்னெல்லாம் தினமும் வருவான். ஊர்க்கதை பேசிட்டு டீ குடிச்சுட்டுப் போவான்." பொங்கியண்ணன் கொஞ்சம் யோசித்தார். "இப்ப வேலை அதிகமோ என்னவோ."

கிளப்பில் முதல் இரண்டு மாதம் அவள் அவருக்கு ஒரு குண்டுகூடக் கொடுக்கவில்லை. காற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுக்க வேண்டும். திறக்க வேண்டும். கண்ணால் பார்க்க வேண்டும். சுண்டு விரலை விட்டுத் தடவ வேண்டும். பிறகு 'காலி' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கீழே வைக்க வேண்டும். மறுபடி எடுத்தால் மறுபடியும் அத்தனையும்.

"இப்பத்தானுங்க பார்த்தேன்!"

"இப்பத்தான் கீழேயும் வச்சீங்க."

அவர் சந்தையில் ஏலம் போடுகிறவர் மாதிரி "காலீ!" என்று கத்துவார். பக்கத்தில் பயிற்சி செய்யும் கல்லூரிப் பெண்கள் சிரிப்பார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிடும். சனிக்கிழமைதோறும் ஓர் அட்டை முட்டை கொண்டுவருவார். ஜெபசீலி அதை வேகவைத்து எல்லோருக்கும் பங்கிடுவாள். உடைந்து வெந்ததை எடுத்துத் தனக்கு வைத்துக்கொள்வாள்.

"வீட்டுலயும் இப்படித்தானே பார்க்கீங்க?" என்று கேட்டாள் ஒருநாள்.

"அது நம்ம வீடுங்க மேடம். அங்க எதுக்கு இந்தக் கூத்தெல்லாம்?"

இப்படி இருக்கும்போது தேர்தல் அறிவிப்பு வந்தது. உரிமம் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். விளையாட்டுப் போட்டிக்காகச் சுடுகிறவர்களுக்கு மட்டும் விலக்கு கிடைக்கும். அதற்குப் பயிற்சியாளரின் கடிதம் வேண்டும்.

பொங்கியண்ணன் அன்றைக்கே கிளம்பி வந்தார். முட்டை அட்டைகூடக் கொண்டுவரவில்லை.

"ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க மேடம். அது இல்லாம வெளிய போறது துணியில்லாமப் போற மாதிரி இருக்குதுங்க."

"எத்தனை வருஷமா இப்படி இருக்கு அண்ணாச்சி?"

"வாங்கி ஒரு வருஷம் ஆச்சுங்க."

"அதுக்கு முன்னாடி அம்பது வருஷம் எப்படிப் போனீங்க?"

அவர் முகம் வாடிவிட்டது. ஜெபசீலிக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். அவர் தோளைத் தட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்குச் சாப்பிட வாரேன். கிளப் தாளும் சீலும் கொண்டு வாரேன். அங்கேயே வச்சு எழுதிருவோம்."

ஞாயிற்றுக்கிழமை பூவாத்தாள் காலையிலிருந்தே அடுப்படியில் இருந்தாள். கறிக்குழம்பு, முட்டைப் பொரியல், ரசம். ஜெபசீலி வந்ததும், "வா அம்மணி, இவரு உன்னையப் பத்திப் பேசாத நாளே கிடையாது" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மேசையில் பொங்கியண்ணன் தன் இடத்தில் உட்கார்ந்தார். வழக்கம்போல ரிவால்வரை எடுத்துத் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தார். எதிரே ஜெபசீலி உட்கார்ந்தாள். பூவாத்தாள் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று, அவர் தோளுக்கு மேலே கையை நீட்டிப் பரிமாறினாள்.

ஜெபசீலி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து பக்கத்து நாற்காலிக்கு மாறினாள்.

ஃபேன் காற்று பலமாக இருக்கிறது போல என்று அவர் நினைத்தார். குழம்புச் சட்டியை வைக்க இடம் வேண்டியிருந்தது. ரிவால்வரை லேசாகத் திருப்பி வைத்தார்.

அவள் மறுபடி எழுந்து மேசையின் அந்தக் கோடிக்குப் போனாள்.

"ஏனுங்க மேடம், குழம்பு எட்டாதுங்களே." ரிவால்வரை நகர்த்திவிட்டு அவர் சட்டியை அந்தப் பக்கம் தள்ளினார்.

அவள் இந்தமுறை உட்காரவே இல்லை. தட்டோடு நடந்து வந்து பூவாத்தாளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டாள்.

"என்னங்க இது! நாற்காலியில எறும்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"அது பார்க்கிற பக்கம் உக்காந்து எனக்குப் பழக்கமில்ல அண்ணாச்சி."

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"காலிங்க அது!"

"சொல்லிட்டீங்க. பார்த்தீங்களா?"

"இதா, பாருங்க." வலது கையில் சோறு ஒட்டியிருந்தது. இடது கையால் எடுத்து, சுவர்ப் பக்கம் திருப்பி, உருளையைத் திறந்து காட்டினார்.

ஆறு அறை. ஐந்தில் வெளிச்சம் தெரிந்தது. ஆறாவதில் பித்தளை மினுங்கியது.

கொட்டகையில் கோழிகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் குண்டை வெளியே தள்ளினார். அது மேசையில் உருண்டு ரசக் கிண்ணத்தில் முட்டி நின்றது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாய் குரைச்சுதுன்னு ஆறும் போட்டேன்" என்றார். "அப்புறம் கொட்டி எடுத்துட்டனே."

"எண்ணினீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பூவாத்தாள் பேசினாள். அவள் குரலில் கோபம் இல்லை. குழம்பில் உப்புப் போதுமா என்று கேட்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"நேத்து டிவில அந்த வில்லன் வந்தப்ப, இதை நீட்டிக் குறி பார்த்தீங்களே. நான் டிவிக்குப் பக்கத்துல உக்காந்து துணி மடிச்சுட்டு இருந்தேன்."

பொங்கியண்ணனுக்கு நேற்றைய மாலை நினைவு வந்தது. விரல் எங்கே இருந்தது என்பதும் நினைவு வந்தது. கையிலிருந்ததை மேசையில் வைக்கப் போனார். எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று தெரியவில்லை. ஒரு பக்கம் அடுப்படி. ஒரு பக்கம் வாசல். கடைசியில் ஜெபசீலி வந்து அதை வாங்கிக்கொண்டாள். திறந்து பார்த்தாள், தடவினாள், "காலி" என்றாள்.

"மதினி, நீங்க எப்பவும் அண்ணாச்சிக்குப் பின்னால நின்னுதான் பரிமாறுவீங்களா?"

"இது வந்ததுல இருந்து அப்படித்தான் அம்மணி. முன்னெல்லாம் எதுக்க உக்காந்து பேசிக்கிட்டே ரெண்டு பேரும் சாப்பிடுவோம்."

ஒரு வருஷமாக மனைவி பின்னால் நின்று பரிமாறுவதை அவர் கவனித்திருந்தார். வயசு ஏற ஏற மரியாதையும் ஏறுகிறது என்று நினைத்திருந்தார்.

ஜெபசீலி கை கழுவிவிட்டு வந்தாள். பையிலிருந்து கிளப் தாளை எடுத்து மேசையில் விரித்தாள். பேனாவைத் திறந்தாள்.

"கடிதம் யார் பேருக்கு எழுதணும் அண்ணாச்சி?"

பொங்கியண்ணன் தாளைப் பார்த்தார். ரசக் கிண்ணத்தருகே கிடந்த குண்டைப் பார்த்தார். பேனாவை அவள் கையிலிருந்து மெல்ல எடுத்து மூடினார்.

"நீங்க இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்குங்க மேடம்" என்றார்.

திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷன் திறந்தவுடன் முதல் ஆளாகப் போய் ஒப்படைத்தார்.

முதல் வாரம் அவருக்குச் சிரமமாகத்தான் இருந்தது. பஜாரில் ஓர் ஆட்டோக்காரர், "வண்டி ஓட்டுறியா, உருட்டி விளையாடுறியா?" என்று சத்தம் போட்டார். இவர் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. வேட்டி முடிச்சுதான் அகப்பட்டது. வேறு வழி தெரியாமல், "தப்பு என்னுதுதானுங்க" என்றார். ஆட்டோக்காரர் அதற்குமேல் திட்டத் தெரியாமல் போய்விட்டார்.

இரண்டாவது வாரம் சென்னியப்பன் தோட்டத்துக்குப் போனார். வாய்க்காலைப் பழையபடியே விட்டுவிடலாம் என்று சொல்லத்தான் போனார். திரும்பி வந்து ஜெபசீலியிடம் சொன்னார்.

"என்னைப் பார்த்ததும் அவன் முதல்ல இடுப்பைப் பார்த்தானுங்க மேடம். அப்புறந்தான் மூஞ்சியைப் பார்த்தான். கூடவே படிச்சவன். அம்பது வருஷப் பழக்கம்."

"என்ன சொன்னார்?"

"டீ குடிக்கிறியான்னான்."

"குடிச்சீங்களா?"

"ரெண்டு தம்ளர் குடிச்சேன்."

அன்றைக்கு அவள் அவருக்கு முதல் குண்டைக் கொடுத்தாள். அவர் வெகுநேரம் குறி பார்த்தார். குண்டு இலக்கைத் தாண்டி எங்கோ மண்மேட்டில் போய்ப் புதைந்தது. கல்லூரிப் பெண்கள் கை தட்டினார்கள். அவரும் துப்பாக்கியைத் திறந்து பார்த்துக் கீழே வைத்துவிட்டு, அவர்களோடு சேர்ந்து கை தட்டினார்.

தேர்தல் முடிந்தது. எண்ணிக்கையும் முடிந்தது. ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். உடனே வேண்டாமென்றால் உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் பத்திரமாக வைக்கவும் வழி உண்டு.

பொங்கியண்ணன் நேரே கிளப்புக்கு வந்தார். ஜெபசீலி மர நிழலில் உட்கார்ந்து ஒரு ரைபிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். முட்டை அட்டையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு அவரும் தரையில் உட்கார்ந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க."

"போய் வாங்கிட்டு வந்துரட்டுங்களா? இல்ல, ஆயுதக் கடையில போட்டு வச்சிரட்டுங்களா? வீட்டுல கேட்டேன். உங்க மேடம் என்ன சொல்லுதோ அப்படிச் செய்யுங்கன்னுட்டா. இப்ப எனக்கு எண்ணத் தெரியுமுங்க. திறந்து பார்க்கத் தெரியும். பூட்டி வைக்க இரும்புப் பெட்டிகூடப் பார்த்துட்டேன். நான் அதை வச்சுக்கற ஆளுதானா, இல்லையா? நீங்க சொல்லுங்க."

ஜெபசீலி துணியை மடித்து வைத்தாள்.

"ஸ்டேஷன்ல கொடுத்து எத்தனை நாள் ஆச்சு அண்ணாச்சி?"

"நாப்பத்தேழுங்க." யோசிக்கவே இல்லை. வாயில் தயாராக இருந்தது.

அவள் சிரித்தாள். அட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"இப்போதைக்குக் கடையில இருக்கட்டும். ஒருநாள் நான், எத்தனை நாள் ஆச்சுன்னு இதே கேள்வியைக் கேப்பேன். நீங்க தலையைச் சொறிஞ்சுகிட்டு, 'தெரியலைங்களே மேடம், வீட்டுல கேட்டுச் சொல்றேன்'னு சொல்லுவீங்க. அன்னைக்குப் போய் வாங்கிக்கங்க."