உச்சிவேளை அழைப்பு

மடத்தில் சுவடி வாசிப்பவர் ஐயாறப்பன். மாலையில் அடிகள் விளக்கம் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாட்டை வாசிப்பார். பதினெட்டு வருடமாக அந்த இடம் அவருடையது. அதற்காகத்தான் வீட்டையே விட்டு வந்தார்.

கன்னட தேசத்துச் சென்னபசவன் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நேற்று அடிகள் சுவடியை அவனிடம் நீட்டிவிட்டார். அவன் தப்பும் தவறுமாக வாசித்தான். அடிகள் அதையும் ரசித்துக் கேட்டார். ஐயாறப்பனுக்கு வயிறு எரிந்தது.

விடிந்ததும் போய்க் கேட்டே விட்டார்.

"சாமி, நான் இருக்கும்போது அந்தப் பரதேசியா வாசிக்கணும்?"

"பரதேசின்னா யாரு?"

"பிழைக்க வழியில்லாம வந்து ஒட்டிக்கிட்டவன்."

"சரி. இன்னைக்கு உச்சிவேளை அழைப்பு உன்னோடது" என்றார் அடிகள்.

அது மடத்தின் பழைய வழக்கம். வாசலில் நின்று, "பரதேசி உண்டோ? உண்ண வரலாம்" என்று மூன்று முறை கூப்பிட வேண்டும். வெளியூர்க்காரர் ஒருவர் முதல் இலையில் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் கை நனைக்கலாம். இப்போதெல்லாம் யாரும் வருவதில்லை என்று சமையல்காரர் காக்கைக்கு ஒரு உருண்டை வைத்து ஒப்பேற்றி வந்தார்.

"இன்னைக்குக் காக்கை வேண்டாம், ஆள்தான் வேணும்" என்றார் அடிகள்.

ஐயாறப்பன் அகப்பையோடு வாசலுக்குப் போய்க் கூப்பிட்டார். வண்டியில் போன ஜவுளி வியாபாரி ஒருவர் இறங்கியே வந்துவிட்டார்.

"யாரைப் பார்த்துய்யா பரதேசிங்கிறே? நாலு கடை வச்சிருக்கேன் நான்!"

கையெடுத்துக் கும்பிட்டு அவரை அனுப்பி வைத்தார். இரண்டாம் முறை கூப்பிட்டார். வழிப்போக்கர் இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். உள்ளே நாற்பது பேர் பசியோடு காத்திருந்தார்கள். மூன்றாம் முறை அவருக்குப் பாதிக் குரல்தான் வந்தது.

"வந்தேன், ஐயா."

உள்ளிருந்து சென்னபசவன் வந்தான். கால் கழுவிக்கொண்டு முதல் இலையில் உட்கார்ந்தான்.

"எங்க ஊர் மடத்திலயும் இப்படித்தான் கூப்பிடுவாங்க. இங்க யாருமே கூப்பிடலையேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

ஐயாறப்பன் பரிமாறினார். சோறு வைத்தார், நெய்யும் வார்த்தார். பொறாமை மட்டும் ஒரு துளி குறையவில்லை.

மாலையிலும் சுவடி சென்னபசவன் மடியில்தான் இருந்தது. அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரம் பார்த்து ஐயாறப்பன் மெல்லக் கேட்டார்.

"சாமி, சாப்பிடக் கூப்பிட்ட சொல்லு, கேட்டவன் அடிக்க வர்ற சொல்லா எப்படி ஆச்சு? யார் கெடுத்தது?"

அடிகள் சொன்னார்.

"தன் இடம் போயிடுமோன்னு பயந்தவன் எவனோ ஒருத்தன் முதல்ல அதைத் திட்டாச் சொல்லியிருப்பான். பாவம், அவனுக்கு எங்கே வலிச்சுதோ."