தரைக்கடியில் சுருள்கல்

“மேடம், இல்லாத கல்லைப் பத்தி எழுதலாமா?”

கேட்டவர் சூசைமாணிக்கம். அரியலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நிலவியல் வாத்தியார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். இந்த வயசில் போய் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு பண்ணியிருந்தார்.

கேட்கப்பட்டவர் மங்கையர்க்கரசி. சென்னையில் பேராசிரியை. சூசைமாணிக்கத்தைவிட வயசில் ரொம்பச் சின்னவர். ஆனால் குரு குருதான். அவர் இவரை ‘சார்’ என்பார். இவர் அவரை ‘மேடம்’ என்பார்.

“எந்தக் கல்லு சார்?”

“என் கல்லு மேடம். ரெண்டும் போச்சு.”

சொல்லிவிட்டு அழுதார்.

கல்லுக்கு அழுகிற மனுஷனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முதலில் சிரிப்பு வரும். அப்புறம் வராது.

அரியலூர் ஒரு காலத்தில் கடல். டைனோசர் காலத்துக் கடல். சுருட்டி வைத்த ஓட்டுக்குள் குடியிருந்த பிராணிகள் அதில் இருந்தன. கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம். செத்துச் சேற்றில் புதைந்து கல்லாகிவிட்டன. புத்தகத்தில் அம்மோனைட் என்று பேர். சாளக்கிராமம் பார்த்திருந்தால், அதுவும் இந்த வகையறாதான். சூசைமாணிக்கம் சுருள்கல் என்பார்.

சுருள்கல் அந்தப் பக்கம் நிறையவே கிடைக்கும். அவர் கண்டெடுத்தது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் ஒரு குழியில் கிடைத்தது. ஒன்று முழுசு, ஒன்று பாதி. பிறகு வருஷக்கணக்காகத் தேடியும் மூன்றாவது கிடைக்கவில்லை. இப்போது அந்தக் குழி நிறையத் தண்ணீர்.

எழுதி அச்சில் வந்தால்தான் அப்படி ஓர் இனம் இருந்தது என்று உலகம் ஒத்துக்கொள்ளும். வராவிட்டால், அது வாழ்ந்ததே கணக்கில் இல்லை.

“எப்படிப் போச்சு?”

“கோடை லீவுல காலேஜ் பழைய கட்டடத்தை இடிச்சாங்க மேடம். பீரோவைத் தூக்குறதுக்காக உள்ள இருந்த கல்லையெல்லாம் வெளியே வச்சிருக்காங்க. புது ஹாலுக்குத் தரை நிரப்பணும்ல? மேஸ்திரி அள்ளிக் கொட்டிட்டார். தண்ணி விட்டு, திமிசு போட்டு இடிச்சு, மேல கான்கிரீட்டும் போட்டு, டைல்ஸும் ஒட்டியாச்சு.”

“தரையை உடைச்சுப் பார்க்கச் சொன்னீங்களா?”

“பிரின்ஸ்பால்கிட்ட கேட்டேன். ‘கல்லுதானே சார், சுரங்கத்துல சொல்லி ஒரு லோடு இறக்கிடலாம், கவலைப்படாதீங்க’ன்னார்.”

“நல்ல மனுஷன்,” என்றார் மேடம்.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இங்க ஒருதரம் கொண்டு வந்திருக்கலாமே சார். எத்தனை தடவை கேட்டேன்?”

“பஸ்ல தொலைஞ்சிடுமோன்னு பயம் மேடம்.”

இதற்கு மேல் அந்த மனுஷனை என்ன சொல்ல?

“போட்டோ இருக்கா?”

“ஒண்ணு இருக்கு. ஸ்டூடியோக்காரர் எடுத்தது. ஒரு பக்கம்தான். வெளிச்சம் ஜாஸ்தியாகி வெள்ளையடிச்சிடுச்சு. மறுபடி எடுக்கலாம்னு இருந்தேன். வெண்ணெய் திரள்ற நேரத்துல தாழி உடைஞ்சிடுச்சு மேடம்.”

“அளவு?”

“குறுக்களவு, கனம் எல்லாம் குறிச்சு வச்சிருக்கேன்.”

“மத்தது?”

“மத்ததெல்லாம் மனசுல இருக்கு. பெத்த பிள்ளை முகம் மறக்குமா மேடம்?”

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார். யோசித்தார்.

“அப்ப எழுதுங்க. அந்தக் கல்லைப் பார்க்காத ஒரு ஆளு உங்க எழுத்தைப் படிச்சே பார்த்துடணும். அப்படி இருந்தா ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்புவோம். ஏத்துக்கறதும் தள்ளுறதும் அவங்க பாடு.”

*

அடுத்த தடவை அவர் வந்தபோது பிள்ளையார் சதுர்த்தி முடிந்த வாரம்.

மேடத்தின் மேசையில் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன் மேல் ஒரு பெரிய களிமண் உருண்டை. தெருமுனையில் பிள்ளையார் விற்றவரிடம் மிஞ்சியது.

“இது எதுக்கு மேடம்?”

“நீங்க படிங்க. நான் பிடிக்கிறேன்.”

சூசைமாணிக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

“சுருள் இறுக்கமாகச் சுற்றியிருக்கும்.”

மேடம் களிமண்ணைக் கயிறாகத் திரித்துச் சுற்றினார்.

“மேலே வரிகள் நெருக்கமாக ஓடும்.”

கொண்டை ஊசியை எடுத்துக் கோடு இழுத்தார்.

“வெளி ஓரத்தில் சிறு குமிழ்கள் வரிசையாக இருக்கும்.”

கிள்ளிக் கிள்ளி ஒட்டினார்.

முடிந்ததும் கையில் வைத்துக் காட்டினார். அசல் ஜாங்கிரி.

“என்ன மேடம் இது! பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையா இருக்கு?”

“குரங்கை எழுதினது நீங்க சார். நான் பிடிச்சேன், அவ்வளவுதான்.”

“இறுக்கம்னா இவ்வளவு இறுக்கம் இல்ல மேடம்.”

“எவ்வளவு?”

சூசைமாணிக்கம் கையைக் காற்றில் வளைத்துக் காட்டினார்.

“கையை அச்சடிக்க முடியாது. எழுதிட்டு வாங்க.”

மேடம் ஜாங்கிரியை ஒரே அமுக்காக அமுக்கி உருண்டையில் சேர்த்துவிட்டார். அது நசுங்கியபோது சூசைமாணிக்கம் “ஐயோ” என்றார்.

*

அப்புறம் மாசாமாசம் இதே கூத்துதான். விடிய விடிய பஸ்ஸில் உட்கார்ந்து வருவார். படிப்பார். மேடம் பிடிப்பார். ஒரு தடவை சங்காக வந்தது. ஒரு தடவை கை முறுக்காக வந்தது. மேடம் நசுக்குவார், ஈரத்துணி போட்டு மூடுவார், இவர் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்.

துறையில் இருந்த மற்ற ஆராய்ச்சி மாணவர்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்கள் கல்லெல்லாம் பத்திரமாக இருந்தது.

ஒருநாள் சூசைமாணிக்கத்துக்குப் பொறுக்கவில்லை.

“களிமண்ணை என்கிட்ட குடுங்க மேடம். நானே பிடிச்சுக் காட்டிடறேன். அஞ்சு நிமிஷம்.”

“நீங்க பிடிச்சா வராது சார்.”

“ஏன் வராது? கல்லு எனக்குத் தெரியும்.”

“கல்லு வந்துடும். எழுத்து வராது.”

“உங்களுக்கு என்ன மேடம்! உங்க கல்லா போச்சு?”

கத்திவிட்டார். கத்திய பிறகு பயந்துபோனார். குருவிடம் கத்துகிற பழக்கம் அவருக்கு இல்லை.

“என் கல்லு இல்லைதான். அதனாலதான் நான் பிடிக்கிறேன்,” என்றார் மேடம். “நாலாவது வரியை மறுபடி படிங்க.”

இன்னொரு தடவை வந்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

“எங்க பங்குச் சாமியார் ஒண்ணு சொன்னார் மேடம்.”

“என்ன சொன்னார்?”

“‘நீ எடுத்த கல்லே அந்தப் பிராணி கிடையாதேப்பா. ஓடு என்னைக்கோ கரைஞ்சு போச்சு. உள்ள புகுந்த சேறுதானே கல்லாச்சு. அசல்னு ஒண்ணு உன் கையில எப்பவுமே இருந்ததில்லை’ன்னார்.”

“சரியாத்தானே சொல்லியிருக்கார்.”

“ஆமா மேடம். ரொம்பச் சரி.”

“அப்புறம் ஏன் சார் கண்ணு கலங்குது?”

சூசைமாணிக்கம் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

“படிங்க,” என்றார் மேடம்.

அந்த மாசம்தான் புது ஹால் திறப்பு விழா. வாத்தியார்கள் எல்லோரும் கட்டாயம் வரவேண்டும் என்று உத்தரவு. சூசைமாணிக்கம் பின் வரிசையில் உட்கார்ந்து, மாலை மரியாதை எதையும் பார்க்காமல், தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலிக்காரர், “டைல்ஸ் நல்லாருக்குல்ல சார்?” என்று கேட்டாராம்.

“ரொம்ப நல்லாருக்கு,” என்றாராம் இவர்.

அட, அவருக்குத்தான் வேறு என்ன சொல்லத் தெரியும்?

*

தை பிறந்து கொஞ்ச நாளில் மறுபடி வந்தார். இளைத்திருந்தார். எழுத்தும் இளைத்திருந்தது. முன்பு கொண்டுவந்ததில் பாதிகூட இல்லை. ‘அழகான’, ‘நேர்த்தியான’ எல்லாம் போய்விட்டது. ‘மாதிரி’ என்ற சொல் ஓர் இடத்தில்கூடக் கிடையாது.

“ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூடும்,” என்று படித்தார்.

மேடம் பிடித்தார்.

“வரிகள் சுருளின் நடுவில் உள்ள தொப்புள் குழியின் ஓரத்தில் பிறந்து, பாதி தூரம் நேராக ஓடி, அங்கே முன்பக்கமாக வளையும். வளைகிற இடத்தில் ஒவ்வொரு வரியும் இரண்டாகப் பிரியும்.”

கொண்டை ஊசி மெதுவாக நகர்ந்தது.

“குமிழ்கள் ஒன்றுவிட்ட வரிகளில் மட்டும். கூர் கிடையாது. மேலே தட்டை.”

காலையில் ஆரம்பித்தது, மத்தியானம் வரை ஓடியது. இருவரும் சாப்பிடப் போகவில்லை. கடைசி வரியைப் படித்து முடித்ததும் மேடம் களிமண்ணை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

சூசைமாணிக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

“இதுதான்,” என்றார்.

அப்புறம் கத்தினார்.

“இதுதான் மேடம்! இதேதான்! மாதாவே, திரும்பப் பார்ப்பேன்னு நான் நினைக்கவே இல்லையே!”

மேடமும் சிரித்தார். இத்தனை மாசத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவரும் நம்பிவிட்டார். கை கழுவக்கூடப் போகாமல், “அனுப்பிடலாம் சார், இந்த வாரமே அனுப்பிடலாம்,” என்றார். காபி வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

சூசைமாணிக்கம் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். காபி வந்து ஆறிக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை. பிறந்த குழந்தையை முதல்தரம் வாங்கியவர் அப்படித்தான் நிற்பார்.

திடீரென்று, “அடடா!” என்றார். பேனாவைத் தேடி எடுத்தார்.

“என்ன சார்?”

“ஒண்ணை விட்டுட்டேன் மேடம். முக்கியமானதைப் போய் விட்டிருக்கேன்! இதோ, தொப்புள் ஓரத்துல, பிறையா ஒரு பள்ளம் பாருங்க. ஓடு வளர்றது கொஞ்ச காலம் நின்னு, மறுபடி ஆரம்பிச்ச இடம் இது. வேற எந்த இனத்துலயும் இந்த இடத்துல வராது. இந்த இனத்துக்கு அடையாளமே இதுதான். எப்படி மறந்தேன்!”

“கல்லுல இருந்ததா சார்?”

“இருந்தது மேடம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிக்க என்ன இருக்கு? என் விரலு எத்தனை தடவை அதுல போய் நின்னிருக்கும்! சத்தியமா இருந்தது.”

சொல்லிக்கொண்டே எழுதினார். வேகமாக எழுதினார். இத்தனை மாசத்தில் அவ்வளவு தெளிவாக ஒரு வாக்கியம்கூட அவருக்கு வந்ததில்லை. மேடத்தின் முகத்தில் சிரிப்பு போய்விட்டதை அவர் கவனிக்கவில்லை.

மேடம் எழுந்து வந்தார். களிமண்ணை அவர் கையிலிருந்து வாங்கினார். தன் கட்டைவிரல் நகத்தை அந்தப் பிறையில் வைத்தார்.

பொருந்தியது.

சூசைமாணிக்கம் நகத்தைப் பார்த்தார். நகத்துக்குள் இன்னும் களிமண் இருந்தது.

“பிடிக்கிறப்ப பட்டிருக்கு சார்,” என்றார் மேடம்.

சூசைமாணிக்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுதின தாள்களை மடியில் வைத்துக்கொண்டார். மேலே இருந்த தாளில் மை காயவில்லை.

“அப்ப மத்ததெல்லாம் மேடம்? வரி, குமிழ்… அதெல்லாம் கல்லுல இருந்ததுதானே?”

“எனக்கு எப்படி சார் தெரியும்? நான் அந்தக் கல்லைப் பார்த்ததே இல்லையே.”