கிணற்றடியில் சண்டை போட்ட மருமகள்

ஆறுகள் எல்லாம் தங்கள் இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது நடந்ததைச் சொல்கிறேன். பெரியவர்களும் கேட்கலாம், சின்னவர்களும் கேட்கலாம். ஊர் மாறப் போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் கிட்டே வந்து உட்கார்ந்து கேளுங்கள்.

ஓர் ஆற்றங்கரையில் மருதையன் என்று ஒருவர் இருந்தார். கோரை அறுத்துப் பாய் நெய்வது அவர் குடும்பத் தொழில். குடும்பம் என்றால் சின்னக் குடும்பம் இல்லை. அவர், அவர் மனைவி, மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், தம்பியும் தம்பி பிள்ளைகளும், தங்கையும் தங்கை பிள்ளைகளும், பேரன் பேத்திகள், அப்புறம் என்ன உறவு என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்ல வேண்டிய நாலைந்து பேர். மொத்தம் நாற்பத்தொரு பேர். இத்தனை பேருக்கும் அடுப்பு ஒன்றுதான்.

ஒரு பெருமழையில் ஆறு தடம் மாறிப் போனது. போனது போனதுதான், திரும்பி வரவில்லை. கோரை முளைத்த பள்ளங்கள் எல்லாம் காய்ந்து வெடித்தன. கோரை இல்லாமல் பாய் ஏது, பாய் இல்லாமல் சோறு ஏது? ஊரை விட்டுக் கிளம்புவது என்று முடிவாயிற்று.

எந்த ஊருக்குப் போவது? மூன்று மகன்களும் மூன்று திசையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வரும்போது ஆளுக்கு ஒரு கட்டுக் கோரை கொண்டுவந்தார்கள். பாய் நெய்கிறவன் ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வேறு எதைக் கொண்டுவருவான்?

மூத்தவன் ஒரு கோட்டை ஊரைச் சொன்னான். அங்கே கோரை நல்ல நீளம். நடுவுளவன் ஒரு சோலை ஊரைச் சொன்னான். அங்கே கோரை பட்டு மாதிரி வழவழப்பு. இளையவன் ஒரு பாறை ஊரைச் சொன்னான். அங்கே கோரை கொஞ்சம் முரடு, ஆனால் பள்ளம் நிறையக் கிடக்கிறது, அறுக்க ஆள் இல்லை. மருதையன் மூன்றையும் நகத்தால் கீறிப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார், ஈரத்தில் போட்டும் பார்த்தார். மகன்களோ ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடுவதாக இல்லை. கடைசியில் அவர் மனம் வெறுத்துப்போய், ஆடி பிறப்பதற்குள் ஒரே ஊராக முடிவாகாவிட்டால் குடும்பத்தை மூன்றாகப் பிரித்து மூன்று ஊருக்கும் அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டதும் ஒரு குரல் எழுந்தது. அது நடு மருமகள் வடிவியின் குரல். அந்த வீட்டில் அதிகம் சண்டை போடுகிறவள் அவள்தான். குழம்பில் உப்புக்குச் சண்டை, காயப்போட்ட துணிக்குச் சண்டை, ஒன்றுமே கிடைக்காவிட்டால் போன வாரச் சண்டைக்கு மறுபடியும் சண்டை. குடும்பம் பிரிந்தால் நிம்மதி என்று அவள் நினைப்பாள் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அவளுக்கோ கண் கலங்கிவிட்டது.

"மாமா, இந்த வீட்டு ஆம்பளைங்க யாராவது பிறந்த ஊரை விட்டுட்டு இன்னொரு ஊர்ல போய்ப் பிழைச்சிருக்கீங்களா? மருமகளுங்க நாங்கதான் அப்படி வந்தவங்க. ஒரு ஊர் நம்மளச் சேர்த்துக்குமா சேர்த்துக்காதான்னு எங்களுக்குத்தான் தெரியும். நான் போய்ப் பார்த்துட்டு வரேன்."

மருதையன் யோசித்தார். அவள் சொன்னதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. துணைக்குத் தானும் கிளம்பினார். வடிவி கையில் எடுத்துக்கொண்டது ஒரு குடமும் ஒரு கயிறும் மட்டும்தான்.

முதலில் கோட்டை ஊருக்குப் போனார்கள். வீதிகள் கோடு போட்டது போல் நேராக இருந்தன. மருதையனுக்கு வாயெல்லாம் பல். வடிவி வீதியையும் பார்க்கவில்லை, கோரையையும் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனாள். வரிசையில் நின்றவர்களைத் தள்ளிவிட்டு முதலில் போய் நின்றாள். "நான்தான் முதல்ல இறைப்பேன், என்ன பண்ணுவீங்க?" என்று சத்தம் போட்டாள்.

மருதையனுக்கு உயிரே போய்விட்டது. ஊர் பார்க்க வந்த இடத்தில் இவள் ஏன் இப்படிச் செய்கிறாள்?

அந்த ஊர்ப் பெண்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருத்தி போய்க் காவலனைக் கூட்டி வந்தாள். காவலன் குடத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் அதிகாரியிடம் கொண்டுபோய் நிறுத்தினான். அந்த ஊரில் சண்டை போடுவதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. குடும்பத்தில் எத்தனை பேர் என்று அதிகாரி கேட்டார். நாற்பத்தொன்று என்றதும், அப்படியானால் உங்களுக்கென்று தனியாக ஒரு காவலன் போட வேண்டியிருக்குமே என்று கவலைப்பட்டார். குடம் திரும்பக் கிடைக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

அடுத்தது சோலை ஊர். அது அவள் புருஷன் ஆசைப்பட்ட ஊர். ஒரு வீட்டார் தங்கள் கொட்டகையில் தங்க இடம் கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள். அங்கேயும் வடிவி கிணற்றடிக்குப் போய் அதே வேலையைச் செய்தாள். வரிசையில் முதலில் நின்றவள் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. அவள் சிரித்துக்கொண்டே விலகி, "அதனாலென்ன, நீங்களே இறைச்சுக்குங்க" என்றாள். மற்றவர்களும் சிரித்தார்கள். வடிவிக்கு வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது. இவ்வளவு நல்ல மனுஷர்களா என்று மருதையன் உருகிப்போனார்.

மறுநாள் காலை வடிவி கிணற்றடிக்குப் போனாள். பெண்கள் சிரித்தார்கள், குடத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நேற்று நடந்தது தப்பு என்று சொல்லப் பார்த்தாள். கேட்க ஆள் நிற்கவில்லை. தெருவில் போனால் கதவுகள் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டன. உச்சிவேளைக்கு அந்த வீட்டார் வந்து, சொந்தக்காரர்கள் வருகிறார்கள், கொட்டகை தேவைப்படுகிறது என்று மிகவும் பணிவாகச் சொன்னார்கள்.

கடைசியாகப் பாறை ஊர். போகும் வழியெல்லாம் கல். கிணறோ பாதாளம். போதும் தாயி, இங்கேயாவது சும்மா இரு என்று மருதையன் கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவள் கேட்டால்தானே?

இங்கே தள்ளியதும் பதிலுக்கு ஒரு தள்ளு விழுந்தது. தள்ளியவள் பெயர் உலகாயி. கட்டையான உடம்பு, கணீர்க் குரல். வடிவி ஒன்று சொன்னால் உலகாயி மூன்று சொன்னாள். வடிவி மூன்று சொன்னால் உலகாயி ஒன்பது சொன்னாள். கிணற்றடியில் கூட்டம் கூடிவிட்டது. சிலர் இவள் பக்கம், சிலர் அவள் பக்கம் என்றுகூடப் பிரிந்துவிட்டார்கள். வந்து அரை நாழிகை ஆகவில்லை, அதற்குள் வடிவிக்கும் ஒரு கட்சி.

ஒரு வழியாக இறைத்து முடித்து வடிவி குடத்தைத் தலைக்கு ஏற்றக் குனிந்தாள். உலகாயி திட்டிக்கொண்டேதான் இருந்தாள். திட்டிக்கொண்டே கிட்டே வந்தாள், குடத்தை ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டாள், மறுபடியும் திட்டிக்கொண்டே போனாள்.

மறுநாளும் வடிவி மாமனாரோடு போனாள். உலகாயி அவளுக்காகவே காத்திருந்தது போல் எடுத்த எடுப்பில் ஆரம்பித்தாள்.

"நேத்து பாதியில விட்டுட்டுப் போயிட்டியே, உன்னை விடுவேன்னு நெனச்சியா? முதல்ல அந்தக் கயித்தைத் தூரப் போடு. நைஞ்சு போய்க் கிடக்கு, குடம் உள்ள போயிரும். இந்தா, என் கயித்துல இறை. இறைச்சுட்டு வா, பேசிக்கிறேன்."

வடிவி கயிற்றை வாங்கிக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாமனாரிடம் திரும்பி, "இந்த ஊர்தான் மாமா" என்றாள்.

மருதையனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திட்டாத ஊர் இரண்டை விட்டுவிட்டுத் திட்டுகிற ஊருக்கா வருவது என்று கேட்டார்.

"நாம நாப்பத்தொரு பேரு மாமா. நம்ம வீட்டுக்குள்ளயே ஒரு நாளைக்கு நாலு சண்டை. ஊரோட ஒரு சண்டை வராமலா போகும்? அது வந்த அன்னைக்கு அந்தக் கோட்டை ஊரு நம்மளக் காவல்ல வைக்கும். என் வீட்டுக்காரர் சொன்ன ஊரு சிரிச்சுக்கிட்டே கதவைச் சாத்தும். அப்புறம் என்ன, ஒவ்வொருத்தரா நம்மளும் பிரிஞ்சு போயிருவோம். நான் ஒத்தப் பிள்ளையா வளர்ந்தவ மாமா. சண்டை போட ஆள் இல்லாத வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

மருதையன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி தாயி, உலகாயி கிட்ட வீடு கட்ட இடம் எதுன்னு கேளு என்றார்.

ஆடி பிறக்க நாலு நாள் இருக்கும்போது நாற்பத்தொரு பேரும் தங்கள் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு பாறை ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் குறையவில்லை. வந்த அன்று காலையிலேயே அவர்களுடைய ஆடுகள் உலகாயி வீட்டு முருங்கையைப் பாதி மொட்டையடித்துவிட்டன. மத்தியானம்வரை தெருவே அதிர்ந்தது. சாயங்காலம் உலகாயி மிச்சமிருந்த கீரையை எல்லாம் உருவி, நாற்பத்தொரு பேருக்கும் காணும்படி மடி நிறையக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, ஆடுகளைக் கட்டிப்போடத் துப்பில்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆகவே, கேட்டவர்களே, குடும்பத்தோடு குடியேற இடம் தேடுகிறவர்கள் சண்டையே வராத ஊரைத் தேடக் கூடாது, சண்டைக்குப் பிறகும் கை கொடுக்கிற மனிதர்கள் இருக்கும் ஊரைத்தான் தேட வேண்டும்.