மீன் இல்லாத தொட்டிக்குத் தீனி

குருவுக்கு வயது முப்பத்தொன்று, கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் குமுதவல்லி. சிஷ்யைக்கு ஐம்பத்தாறு, குழந்தைகள் புற்றுநோய் வார்டின் தலைமை நர்ஸ் ஸ்டெல்லா பாக்கியம். வார்டையே ஒரு பார்வையில் அடக்குகிற சிஸ்டர், அன்று மீன்கடை ஸ்டூலில் கைகட்டாத குறையாக உட்கார்ந்திருந்தார்.

“வார்டுத் தொட்டிக்கு மூணு தடவை மீன் வாங்கிட்டுப் போனேன்மா. மூணு தடவையும் ஒரு வாரம் தாண்டல.”

“செத்ததும் என்ன பண்ணீங்க?”

“தண்ணியெல்லாம் கொட்டிட்டு, தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சேன். கல்லை வெந்நீர்ல போட்டேன். துளி அழுக்கு இல்ல.”

அது அவருக்குப் பழகிய முறை. வார்டில் ஒரு குழந்தை போய்விட்டால் கால் மணி நேரத்தில் மெத்தை, போர்வை, சுவரில் அது ஒட்டிய படம் வரை எல்லாம் போய்விடும். மற்றப் பிள்ளைகள் பயப்படக் கூடாது என்றுதான். ஆனால் மூன்றாம் முறை தொட்டி காலியானதும் ஏழு வயது நஸ்ரின், “இங்க வந்தா யாரும் இருக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு மாத்திரையைத் துப்பினாள். பிறகு யாரோடும் பேசவில்லை. மாத்திரை கொடுக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு மீனாவது அவள் கண்முன் பிழைத்துக் கிடக்க வேண்டும் என்று சிஸ்டர் தவித்தார்.

குமுதவல்லி பழைய தொட்டி ஒன்றிலிருந்து, தண்ணீரை வடிகட்டும் பில்டர் பஞ்சை உருவினாள். பழுப்பாகச் சொட்டியது. கேரிபேக்கில் போட்டு நீட்டினாள்.

“இதை உங்க பில்டர்ல வைங்க. தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்க. மீன் வேணாம்.”

“மீன் இல்லாம யாரு திம்பா?”

“போடுங்க சிஸ்டர்.”

பத்து நாளில் சிஸ்டர் திரும்பி வந்தார்.

“தண்ணி நாறுதும்மா. டாக்டர் திட்டுறார். நீ குடுத்த பஞ்சைக்கூட மூணு தடவை வெந்நீர்ல அலசித்தான் வச்சேன்.”

குமுதவல்லி தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

“அந்த அழுக்குதான் சிஸ்டர் நான் குடுத்தது. பஞ்சு எங்க வேணா கிடைக்கும்.”

“அழுக்கு என்ன பண்ணும்?”

“மீனுக்கு அதோட கழிவே விஷம். அந்த விஷத்தைத் தின்ன ஆள் வேணும்ல? கண்ணுக்குத் தெரியாத அந்த ஆளுங்க பஞ்சுல இருந்தாங்க. நீங்க வேக வச்சிட்டீங்க.”

இன்னொரு பஞ்சு கொடுத்தாள். சிஸ்டர் வாங்கிக்கொண்டார், ஆனால் ஒன்றும் பிடிபடவில்லை. முப்பது வருடமாகக் கையைக் கழுவு, கையைக் கழுவு என்று ஊருக்கெல்லாம் சொன்னவரிடம் அழுக்கைக் காப்பாற்று என்றால் அவர் என்னதான் செய்வார்?

இந்த முறை கழுவவில்லை. தினமும் காலையில் காலித் தொட்டியில் தீனி தூவினார். நஸ்ரின் கட்டிலில் இருந்தபடியே பார்த்தாள். நான்காம் நாள், “சிஸ்டர், உங்களுக்குக் கண்ணு தெரியலையா?” என்றாள்.

“தெரியுது.”

“அப்புறம் யாருக்குப் போடுறீங்க?”

“எனக்கே தெரியலடி” என்றார் சிஸ்டர். உண்மையைத்தான் சொன்னார்.

தண்ணீர் பால்போல் கலங்கியது. சிஸ்டருக்குக் கை பரபரத்தது, இருந்தும் தொடவில்லை. ஐந்தாம் வாரம் அது தானாகத் தெளிந்தது. ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு கொளத்தூருக்கு ஓடினார்.

குமுதவல்லி அதில் விஷம் இருக்கிறதா என்று சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்தாள். “நீங்க போட்ட தீனி அழுகி, விஷத்தைத் தின்னுற ஆளுங்களை வளர்த்துடுச்சு” என்றாள். நான்கு கப்பி மீன்களைப் பையில் போட்டு, காற்றடைத்துக் கட்டி நீட்டினாள்.

சிஸ்டர் வாங்கவில்லை.

“இனிமே சாகாதுல்ல? அந்தப் பிள்ளைகிட்ட நான் சொல்லணும்.”

“சாகும் சிஸ்டர். மீன்தானே.”

“பின்ன எதுக்கு இந்த அஞ்சு வாரம்? செத்தா நான் என்ன பண்ண?”

குமுதவல்லி பையை அவர் கையில் வைத்தாள்.

“செத்ததை மட்டும் எடுங்க. அது இருந்த தண்ணி இருக்கட்டும்.”