செவலைக் கோழியின் தம்பட்டம்

வாத்து முட்டையிட்டால் வாயே திறக்காமல் குளத்துக்குப் போய்விடுகிறது. கோழி மட்டும் ஒரு முட்டைக்கு ஏன் ஊரையே கூட்டுகிறது, தெரியுமா?

அந்தக் காலத்தில், கோழியும் கீரியும் நம்மோடு பேசிக்கொண்டிருந்தபோது, கோழிகளும் சத்தமில்லாமல்தான் முட்டையிட்டன. செவலை என்றொரு கோழிதான் முதல் முட்டையிட்ட பூரிப்பில் குட்டிச்சுவரில் ஏறி, "இட்டேன், இட்டேன், நான்தான் இட்டேன்" என்று கத்திவிட்டது.

கீரி ஓடி வந்தது. "அடேயப்பா, மதினி வயித்துக்கே தனி ராசி. முட்டையை எங்க வச்சிருக்கீக?"

"வைக்கோல் போருக்கு அடியில, கிழக்கோரமா" என்றது செவலை. இவ்வளவு பிரியமாகக் கேட்கிறவரிடம் சொல்லாமல் இருக்கலாமா?

மறுநாள் முட்டையைக் காணோம். எங்கேயாவது உருண்டிருக்கும் என்று இன்னொன்று இட்டது, சுவரேறியது. இந்தத் தடவை காக்கையும் சாரைப்பாம்பும் கூட வந்து பாராட்டின. செவலைக்கு முட்டையைவிடக் கூட்டம் பிடித்துப்போனது. ஏறுமுன் இறகைக் கோதி, கொண்டையை வெயில் படும் பக்கமாகத் திருப்பிக்கொள்ளவும் பழகிவிட்டது.

பக்கத்து வீட்டுக் கருங்கோழி பத்துக் குஞ்சுகளோடு அந்த வழியாக வந்தது. "உன் குஞ்சுக எங்கடி?"

"எனக்கு எத்தனை பேரு கூடுறாக, பாத்தியா?"

"பாத்தேன். கீரிக்குத்தான் தொப்பை போட்டிருக்கு."

செவலை வைக்கோல் போருக்கு ஓடிப் பார்த்தால், கடைசியாக இட்ட ஒற்றை முட்டைதான் மிச்சம். அதன்மேல் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம்தான். வாய் நமநமத்தது. "அடைகாக்கிறேன், நான்தான்..." என்று கத்திக்கொண்டே பாதி எழுந்தபோது, வைக்கோலுக்குள் கீரியின் மூக்கு தெரிந்தது.

அலறல் கேட்டு வீட்டுக்காரி முத்துப்பேச்சி விளக்குமாற்றோடு வந்து கீரியை விரட்டினாள்.

"தாயீ, இந்த வாயை என்னால அடக்க முடியாது. என்னையும் முட்டையையும் எதையாவது போட்டு மூடிரு" என்றது செவலை.

முத்துப்பேச்சி மூங்கிலைக் கிழித்து, கோழியைச் சுற்றியே ஒரு பெரிய கூடை பின்னினாள். அன்று முதல்தான் கோழி முட்டையிட்டால் கத்துகிறது, நாமும் பஞ்சாரம் போட்டு அதை மூடுகிறோம். அந்தப் பஞ்சாரத்தில் அத்தனை ஓட்டை இருப்பதற்கும் செவலைதான் காரணம். முத்துப்பேச்சி நெருக்கிப் பின்னப் போனபோது உள்ளேயிருந்து அது கெஞ்சியது:

"அங்கங்க கொஞ்சம் சந்து விடு தாயீ. என்னைப் பாக்க யார் யாரு வாராகன்னு தெரிய வேணாமா?"