மடைக்காரர்கள் முன்சுவருக்கு வந்த கதை

உடம்புக்குள் இருக்கும் உயிரணுக்களும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், வெள்ளாத்தா என்றொரு வெள்ளணு இருந்தாள். நோய்க்கிருமிகளைத் தின்பதுதான் அவள் வேலை. அவளைச் சுற்றியிருந்த சவ்வுச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மடைகள். ஒவ்வொரு மடையிலும் ஒரு மடைக்காரன் உட்கார்ந்து தண்ணீரை உள்ளே விடுவான், வெளியே விடுவான். தன் மடையை விட்டு எவனும் மயிரிழைகூட நகர மாட்டான். அதைப் பெரிய கௌரவமாக வேறு நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் குதிகாலில் முள் குத்தி, கிருமிகள் புகுந்துவிட்டன. அங்கே காவலுக்கு நின்றவள் வெள்ளாத்தாவின் தங்கை சின்னாத்தா. தனியாக மாட்டிக்கொண்டவள், அக்கா அக்கா என்று கூப்பிட்டது கணுக்காலில் இருந்த வெள்ளாத்தா வரை கேட்டது.

வெள்ளாத்தா உடனே புறப்பட்டாள். அவளுக்குள் இருந்து சுவருக்கு முட்டுக்கொடுக்கும் ஆட்கள் கழிகளால் முன்சுவரைத் தள்ளிப் பார்த்தார்கள். விறைத்த சுவர் அசையவில்லை. முன்பக்கம் தண்ணீர் புகுந்து சுவர் புடைத்தால்தான் கழி ஊன்ற இடம் கிடைக்கும். எல்லாரும் முன்னே வந்து மடையைத் திறக்கும்படி மடைக்காரர்களிடம் வெள்ளாத்தா கெஞ்சினாள்.

மூத்த மடைக்காரன் வீரணன் மசியவில்லை. "எங்க அப்பன் உக்காந்த எடம் தாயீ இது. வேணும்னா இங்கயே தெறக்குறோம்" என்றான். அப்படியே அவரவர் இடத்தில் திறந்தார்கள். நாலாபுறமும் தண்ணீர் புகுந்து வெள்ளாத்தா பணியாரம்போல உப்பினாளே தவிர, ஓரடி நகரவில்லை. அங்கே ஒருத்தி உயிருக்குப் போராடுகிறாள், இந்தப் பாவிகளுக்கு உட்கார்ந்த இடம் பெரிதாகப் போய்விட்டது.

சின்னாத்தாவின் குரல் நின்றுவிட்டது.

வெள்ளாத்தா அழவில்லை. "எடமா? இனி உங்களுக்குன்னு எடமே கெடையாது" என்றாள். சுவரை உள்ளுக்குள் மடித்து, மடைக்காரர்களை மடையோடு பிடுங்கி விழுங்கினாள். வீரணன் கத்தக் கத்த, அத்தனை பேரையும் முன்சுவரில் கொண்டுபோய்ப் பதித்தாள். தண்ணீர் பொங்கி உள்ளே வந்தது. முன்சுவர் புடைத்தது. கிடைத்த இடைவெளியில் ஆட்கள் கழிகளை ஊன்றினார்கள். வெள்ளாத்தா நகர்ந்தாள்.

குதிகாலில் தங்கையின் கிழிந்த சவ்வுதான் கிடந்தது. அங்கிருந்த கிருமிகளில் ஒன்றைக்கூட அவள் மிச்சம் வைக்கவில்லை.

எல்லாம் ஓய்ந்ததும் வீரணன் மெல்ல ஆரம்பித்தான். "வேலைதான் முடிஞ்சிருச்சே தாயீ. நாங்க எங்க எடத்துக்குப் போகவா?"

"எந் தங்கச்சி எங்க போவா?" என்று கேட்டாள் வெள்ளாத்தா.

அன்று முதல்தான், இடம்பெயரக் கிளம்பும் உயிரணு தன் மடைக்காரர்களை முன்பக்கம் இழுத்து நிறுத்திக்கொள்கிறது. அவர்களிடம் கேட்பதில்லை.